கொல்லைப்புறம்: அம்மாவின் முண்டு மிளகாய்



வெண்டையையும் முருங்கையையும் பற்றி இப்பகுதியில் எழுதியபோதெல்லாம், "மிளகாயை ஏன் விட்டுவிட்டீர்?" என்று கேட்டுச் சில குடும்பத்தார் கடிதம் விடுத்திருந்தனர். நியாயமான கேள்வி. வீட்டுத் தோட்டம் என்று ஒன்று வைப்பவர் முதலில் வைப்பது மிளகாய்ச் செடிதான். எனினும் பல மாதங்களாக அதைத் தள்ளிப்போட்டு வந்தேன். மிளகாய் விஷயத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன் என்பதே காரணம். அத்தவறு திருந்துமா திருந்தாதா என்பது தெரியாமல் பிறருக்கு யோசனை சொல்ல மனம் வரவில்லை. இப்பொழுதும் முற்றும் தெரிந்துவிடவில்லை. ஆயினும் மழைக்காலம் நெருங்குவதால் இனியும் தாமதிப்பதற்கில்லை.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, காலமான தந்தையார் பணியாற்றிய இரயில்வேயிலேயே குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். 2019ஆம் ஆண்டு சூளூர்பேட்டைக்கு மாற்றலாகி வந்தேன். தடாவுக்கும் நாயுடுபேட்டைக்கும் நடுவே உள்ள இவ்வூர், ஆந்திர மண்ணில் இருந்தாலும் சென்னைப் புறநகர் வண்டி வந்து திரும்பிச் செல்லும் ஊர். ஆகவே தமிழ் பேச ஆளில்லை என்ற குறை எனக்கு ஏற்பட்டதில்லை. குறை வேறு இடத்தில் ஏற்பட்டது, சமையலறையில்.

வந்த முதல் வாரத்தில் என் மனைவி வத்தக்குழம்பு வைத்தாள். ஊரில் போடும் கணக்குப்படியே பத்து வற்றலைக் கிள்ளிப் போட்டாள். கடையில் வாங்கியது குண்டூர்ச் சன்னம். தெலுங்கில் சன்னம் என்றால் மெலிந்தது என்று பொருள். நீண்டு மெலிந்து, பார்வைக்கு நம்மூர்ச் சம்பா போலவே இருந்தது. முதற் கவளத்திலேயே என் மகள் அலறிவிட்டாள். அப்பொழுது அவளுக்கு நான்கு வயது. செம்பு நிறைய நீரைக் குடித்தும் அழுகை அடங்கவில்லை. என் அன்னையார்தாம் எழுந்து சென்று ஒரு கரண்டித் தயிரை அவள் வாயில் ஊட்டினார். அழுகை நின்றது.

அன்னையார் செய்தது அனுபவ வைத்தியம். அதற்குரிய காரணத்தை நான் பிற்பாடு படித்தறிந்தேன். மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருளுக்குக் கேப்ஸைசின் என்று பெயர். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீர் குடித்தால் காரம் வாய் முழுவதும் பரவுமே தவிரக் குறையாது. பாலிலும் தயிரிலும் உள்ள கொழுப்பும் புரதமும் அதைப் பற்றிக்கொண்டு கீழே இறக்கிவிடுகின்றன. நம் நாவிலும் தோலிலும் சுடுபொருளை உணர்வதற்கென்றே ஒரு நரம்பு வாயில் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் பட்டால் திறக்கும் அவ்வாயிலைக் கேப்ஸைசினும் திறந்துவிடுகிறது. காரத்தை நாம் "எரிகிறது" என்று சொல்வது வெறும் உவமையன்று. இதனை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞருக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மிளகாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்மையான தண்டு ஒன்று தெரியும். காரம் உற்பத்தியாவது அங்கேதான், விதையில் அன்று. விதையை உதிர்த்துவிட்டால் காரம் போய்விடும் என்று எண்ணும் தாய்மார்கள் இனி அந்த வெள்ளைப் பகுதியையும் கிள்ளி எறிந்து பார்க்கலாம். வாசனையும் நிறமும் பெரும்பாலும் தோலோடு இருப்பவை, அவை குறைவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காரம் வேறு, ருசி வேறு. இக்காலத்தில் உலகிலேயே மிகக் காரமான மிளகாய் எது என்று ஒரு பந்தயம் நடக்கிறது. வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியலார் 1912இல் ஓர் அளவுமுறை வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் கலந்து, சுவைப்பவர் நாவுக்குக் காரம் தெரியாமற் போகும்வரை நீர்த்துக்கொண்டே போவது அம்முறை. அக்கணக்கில் குண்டூர்ச் சன்னம் 35,000 முதல் 40,000 வரை என்பார்கள். நம் அசாம் பக்கத்துப் பூத் ஜொலோக்கியா பத்து இலட்சத்தைத் தாண்டி 2007இல் உலகப் புகழ் பெற்றது. 2023இல் அமெரிக்காவில் ஒருவர் வளர்த்த மிளகாய் இருபத்தாறு இலட்சத்தையும் கடந்துவிட்டதாம். அதை வைத்து என்ன குழம்பு வைப்பது? எனக்குத் தெரியவில்லை. வீட்டுத் தோட்டக்காரருக்கு வேண்டியது வாயைச் சுடுகின்ற மிளகாய் அன்று; சோற்றுக்கு மணம் தருகின்ற மிளகாய்.

அன்னையார் பரமக்குடிப் பக்கத்தவர். அவருக்கு மிளகாய் என்றால் முண்டு ஒன்றுதான். குண்டு என்றும் சொல்வார்கள். இலந்தைப்பழம் போல உருண்டு, தோல் தடித்து, காய்ந்தபின் குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்கும். மானாவாரிக் கரிசலில் விளைவது. எண்ணெயில் போட்டால் தெரு முழுவதும் மணக்கும். ஆனால் கண்ணில் நீர் வரவழைக்காது. ஆண்டுக்கு இருமுறை ஊருக்குப் போகும்போது ஒரு மூட்டை கட்டி வருவோம். இருக்கைக்கு அடியில் வைத்தால் பெட்டி முழுவதும் தும்முவார்கள். சக இரயில்வே ஊழியன் என்ற சலுகையில் பலமுறை மன்னிக்கப்பட்டிருக்கிறேன்.

2020 மார்ச்சு மாதம் பிரயாணி வண்டிகள் நின்றன. மே மாதத்தில் மூட்டையும் தீர்ந்தது. கடைசியாக ஒரு பிடி வற்றல் எஞ்சியபோது அன்னையார் அதைச் சமையலுக்குத் தர மறுத்துவிட்டார். "இதைத் தின்றால் ஒரு வாரம். விதைத்தால் வருஷம் முழுக்க" என்று சொல்லி, என்னிடம் பழைய எண்ணெய் டின்கள் ஆறு கேட்டார்.

அவர் செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். இதுவரை நான் படித்த எந்தக் குறிப்பும் அதற்கு மாறாகச் சொல்லவில்லை.

டின்னின் அடியில் நான்கைந்து துளையிட்டு, ஓட்டுச் சில்லுகளைப் பரப்பினார். செம்மண், ஆற்றுமணல், நன்கு மக்கிய சாணியெரு மூன்றும் சம பாகம். புதுச் சாணம் கூடாது, வேரைச் சுட்டுவிடும். விதையை ஓர் அகலச் சட்டியில் கால் விரற்கடை ஆழத்தில் தூவி, வைக்கோலால் மூடி, பூவாளியால் தெளித்தார். முளைத்தவுடன் வைக்கோலை நீக்கிவிட வேண்டும். நாற்றுக்கு நீர் அதிகமானால் அடித்தண்டு கறுத்து ஒடிந்து விழும், நாற்றழுகல் என்பார்கள். நாற்பது நாள் ஆனதும் மாலை வேளையில் பிடுங்கி டின்னுக்கு ஒன்றாக நட்டார். தரையில் நடுவோர் செடிக்குச் செடி ஒன்றரை அடி விட வேண்டும். நட்ட நாற்பது நாளில் பூ, அதன்பின் ஒரு மாதத்தில் பச்சைக் காய். பழமாகச் சிவக்க இன்னும் மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். பழத்துக்காகவே எல்லாவற்றையும் விட்டுவைத்தால் செடி ஓய்ந்துவிடும்.

பீடி, சுருட்டுப் பிடிப்பவர்கள் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் செடியைத் தொடக் கூடாது என்பதும் அவர் விதி. மூட நம்பிக்கை என்று நினைத்தேன். புகையிலையைத் தாக்கும் தேமல் நோய்க் கிருமி மிளகாயையும் தாக்கும் என்றும், அது கை வழியே பரவும் என்றும் பின்னர் படித்து வெட்கமடைந்தேன்.

அவ்வாண்டு ஜூலையில் எங்கள் துறையிலே ஒரு செய்தி பரவியது. குண்டூருக்கு அருகே ரெட்டிபாளையத்திலிருந்து வற்றல் மிளகாயை மட்டும் ஏற்றிக்கொண்டு 16 பார்சல் பெட்டிகளோடு ஒரு தனி வண்டி வங்காள தேசத்துப் பேனாப்போலுக்குப் போயிற்று. அப்படியொரு பார்சல் வண்டி எல்லை கடந்தது அதுவே முதல் முறை. உணவு மேசையில் இதை நான் பெருமையோடு சொன்னபோது அன்னையார், "அவர்களுக்கும் காரம்தானா?" என்று இரக்கத்தோடு கேட்டார்.

நவம்பரில் நிவர் புயல் வந்தது. நெல்லூர், சித்தூர்ப் பகுதிகளில் இரண்டு நாள் பேய்மழை. கொல்லையில் தரையில் நட்டிருந்த நான்கு செடிகளின் வேரில் நீர் தேங்கி, வெயில் வந்த அன்றே தலை சாய்ந்துவிட்டன. டின்னில் இருந்தவற்றை நாங்கள் திண்ணைக்குத் தூக்கி வைத்திருந்ததால் அவை பிழைத்தன. மிளகாய்ச் செடி வறட்சியைத் தாங்கும். ஒரு நாள் தேங்கிய நீரைத் தாங்காது. பழவேற்காட்டு ஏரிக்கு மேற்கே இந்தத் தாழ்ந்த பூமியில் குடியிருப்போர், தரையைவிடத் தொட்டியையே நம்புவது நலம். எந்நேரமும் மாற்றல் உத்தரவு வரக்கூடிய நம்மைப் போன்ற உத்தியோகஸ்தருக்கும் தொட்டியே ஏற்றது.

இனிப் பூச்சிகள். இலை மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டால் சிலந்திப் பூச்சி. இரண்டையும் ஒன்றென்று கருதி ஒரே மருந்தை அடிப்பவர்கள் அநேகர். இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்புறம் படத் தெளிக்கலாம். சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள், பொட்டலத்தில் குறித்த அளவில்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் ஆந்திரத்திலும் தெலுங்கானாவிலும் மிளகாய் வயல்களை ஒரு புது இலைப்பேன் சூறையாடியது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. இலையைக் காட்டிலும் பூவுக்குள்ளே கூட்டங்கூட்டமாகப் புகுந்து, பூவையெல்லாம் உதிர்த்துவிடும். பல ஏக்கர்ச் செடிகளை உழவர்கள் பிடுங்கி எறிந்தனர். எங்கள் ஆறு டின்களுக்கும் அது வந்தது. நான் பதறிப்போய், ஒரு கடையில் கொடுத்த மருந்தை வாங்கி, வாரம் இருமுறை அடித்தேன். பூச்சி குறையவில்லை, பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகள்தாம் செத்தன. அன்னையார் மருந்தடித்த செடியிலிருந்து பதினைந்து நாள் ஒரு காயும் பறிக்க விடவில்லை. பிறகு நீலநிற அட்டைகளில் விளக்கெண்ணெய் தடவி நட்டுவைத்தோம். நீலத்தை இலைப்பேன் நாடி வந்து ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்த பூக்களை அன்றன்று கூட்டி எரித்தோம். இரண்டு செடிகள் தப்பின.

தப்பிய செடிகளைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையார், ஒரு முண்டுப் பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மிளகாயா, பழமா?" என்று கேட்டார். அன்னையாருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவரோ சிரித்துக்கொண்டே ஒரு படி மோர் மிளகாய் போட்டுக் கொடுத்தார். பச்சை முண்டைக் காம்போடு நுனியில் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவெல்லாம் ஊறவைப்பது, பகலில் எடுத்து வெயிலில் காயவைப்பது, மாலையில் மறுபடி அதே மோரில் போடுவது. மோர் முழுவதும் வற்றும்வரை இப்படியே. சன்னத்தில் போட்டால் தோல்தான் மிஞ்சும். முண்டின் தடித்த சதை மோரைக் குடித்துக்கொள்ளும். அந்த அம்மையார் பதிலுக்குச் சிவந்த பழமிளகாயைப் புளியும் உப்பும் வெந்தயமும் சேர்த்து உரலில் இடித்த பச்சடி ஒரு சாடி தந்தார். நல்லெண்ணெய் விட்டுச் சுடுசோற்றில் பிசைந்தால் காரத்துக்குப் பின்னால் ஓர் இனிப்பு தெரியும். பழுத்த மிளகாயின் ருசி அது, பச்சையில் கிடையாது. குண்டூர்க் காயைக் காரம் என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு அன்றுதான் அதன் அருமை விளங்கியது.

பெயரிலும் இரண்டு வீட்டாரும் நெருங்கியவர்களே. நாம் மிளகை வைத்து மிளகாய் என்றோம். அவர்கள் மிரியத்தை வைத்து மிரபகாய் என்றார்கள். கன்னடரும் தங்கள் மெணசை வைத்தே பெயரிட்டார்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் கப்பலில் பதினாறாம் நூற்றாண்டில் இங்கு வந்தபோது, மூவரும் தத்தம் வீட்டு மிளகின் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கின்றனர். அதற்குமுன் நம் முன்னோர் உண்ட காரமெல்லாம் மிளகுதான். சங்க நூல்களில் "கறி" என்பதும் அதுவே.

காரம் ஏறாத நாக்குடையவர்களும் மிளகாயை வெறுக்க வேண்டியதில்லை. ஹங்கேரி நாட்டின் ஸெகெட் நகரம் பாப்ரிகா மிளகாய்க்குப் பெயர் போனது. அங்கே பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் ஸென்ட்-ஜியார்ஜி ஓரிரவு மனைவியார் உணவுக்கு வைத்த மிளகாயை உண்ண விருப்பமில்லாமல், ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாராம். அதில் வைட்டமின் சி ஏராளமாக இருக்கக் கண்டார். 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாப்பிட மறுத்துத் தப்பித்துக்கொள்ளும் கணவன்மார்கள் இதனை மேற்கோள் காட்ட வேண்டாம். எல்லோருக்கும் ஆய்வுக்கூடம் இல்லை.

இனி என் தவறு.

2022இல் அந்த அம்மையார் நான்கு சன்ன நாற்றுகள் தந்தார். அவற்றை முண்டுக்குப் பக்கத்திலேயே, இரண்டு முழம் தள்ளி நட்டேன். இரண்டும் ஒன்றாகப் பூத்தன. எறும்பும் தேனீயும் இரண்டிலும் ஏறி இறங்கின. முண்டில் அவ்வாண்டு காய்த்ததெல்லாம் உருண்டையாகவே இருந்தது. அன்னையார் வழக்கம்போல் நடுப்பறிப்பில் நல்ல பழங்களாகப் பொறுக்கி விதைக்கு எடுத்துவைத்தார். 2023ஆம் ஆண்டு தை மாதத்தில் அவர் காலமானார். அடுத்த மாதம் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் பத்திரிகையில் படித்தேன். கத்தரித்து வைத்தேன், காட்ட ஆள் இல்லை.

அவர் எடுத்த விதையை அவ்வாண்டு நானே விதைத்தேன். பன்னிரண்டு செடிகள். அவற்றில் ஏழெட்டு, மேலே உருண்டும் கீழே கூர்ந்தும் விசித்திரமான காய்களைக் காய்த்தன. மண் மாறியதால் இப்படி ஆகிறது என்று எண்ணி, எல்லாவற்றின் விதையையும் கலந்து வைத்து மறு ஆண்டும் விதைத்தேன். இம்முறை ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. குழம்பில் போட்டதை ஒன்பது வயது மகள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஆத்தா மிளகாய் இல்லை" என்று சொல்லித் தட்டைத் தள்ளினாள்.

பயணச்சீட்டு வாங்க வந்த தோட்டக்கலை அலுவலர் ஒருவரிடம், வரிசையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது; ஆனால் பூச்சிகள் அயல் மகரந்தத்தையும் தாராளமாகக் கொண்டுவரும். அப்படிக் கலந்தாலும் அந்த ஆண்டுக் காயின் உருவமும் ருசியும் தாய்ச் செடியைப் போலவே இருக்கும். கலப்பு விதைக்குள் ஒளிந்திருந்து, அடுத்த ஆண்டுச் செடியில்தான் வெளிப்படும். விதைக்கு விடும் செடியின் மொட்டுகளை, விரியுமுன்பே மெல்லிய துணிப் பையால் மூடிக் கட்டி, காய் பிடித்தபின் அவிழ்த்து, அந்தக் காய்க்கு நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு முழ மல் துணி போதும். அதை நான் செய்யவில்லை.

பரமக்குடிச் சந்தையில் முண்டு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதே, அதிலிருந்து விதை எடுத்தால் என்ன என்று என் மனைவி கேட்டாள். அவள் சொல்வது சரி. நேயர்களுக்கும் நான் அதையே சொல்வேன். ஊருக்குப் போகும்போது நூறு கிராம் நல்ல வற்றல் வாங்கி வாருங்கள். அது போதும்.

ஆயினும் இவ்வாண்டு சித்திரையில் அன்னையாருடைய தகரப்பெட்டியை ஒழிக்கையில், சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்த ஒரு சிறு பொட்டலம் அகப்பட்டது. உள்ளே ஐந்து முண்டு வற்றல். 2021ஆம் ஆண்டு நாட்காட்டித் தாளில் மடித்திருந்தது. சன்னம் எங்கள் கொல்லைக்குள் வருவதற்கு முந்திய ஆண்டு அது. மிளகாய் விதைக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே நல்ல ஆயுள். இதற்கு நான்கு ஆகிவிட்டது. ஆனி மாதத்தில் நாற்பது விதைகளை விதைத்தேன். பத்து நாளில் முளைக்க வேண்டியவை, பத்தொன்பது நாள் கழித்து மூன்று முளைத்தன. ஒன்று நாற்றிலேயே அழுகிற்று.

மீதி இரண்டும் இப்பொழுது முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கின்றன. சன்னத்தையும் கலப்புச் செடிகளையும் அடுத்த வீட்டுக் கொல்லைக்கு அனுப்பிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை முதல் மொட்டுகள் தெரிந்தன. என் மனைவியின் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்துப் பைகள் தைத்துக் கட்டியிருக்கிறோம். மகள் பள்ளிக்குப் போகுமுன் பையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். நேற்று ஒரு பைக்குள் சுண்டைக்காய் அளவில் ஏதோ தட்டுப்படுகிறது என்றாள். உருண்டையாக இருக்கிறதா என்று கேட்டேன். அவிழ்த்துப் பார்க்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள்.

வடகிழக்கில் மேகம் கூடுகிறது. இன்று மாலை இரண்டு டின்களையும் திண்ணைக்கு எடுத்து வைத்துவிட்டேன்.